பதிவு மூப்பு: வாழப்பாடி வட்டாரத்திலிருந்து வேலை தேடிச் சென்றோரின் வரலாறு

முன்னுரை

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒருவர் தம் கல்வித் தகுதியைப் பதிவு செய்த நாளைக் கொண்டு கணக்கிடப்படும் முன்பின் வரிசை ‘பதிவு மூப்பு’ எனப்படும். தமிழ்நாட்டில் படித்த இளைஞர்களின் வாழ்க்கையை இரண்டு தலைமுறைக் காலம் இந்தச் சொல் ஆட்டிவைத்தது. தேர்வு முடிவு வந்து மதிப்பெண் சான்றிதழ் கைக்குக் கிடைத்தவுடன் மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, பதிவு செய்துவிட்டு வருவது ஒவ்வொரு வீட்டிலும் நடந்த செயல். ஒரு நாள் தள்ளிப் போனாலும் ஆயிரம் பேருக்குப் பின்னால் போய்விடுவோம் என்ற அச்சம் பெற்றோருக்கு இருந்தது.

சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி போன்ற ஊரிலிருந்து பார்த்தால் இவ்வரலாற்றின் சிக்கல் தெளிவாகப் புலப்படும். இவ்வூர்க்காரரின் பதிவு சேலத்தில் இருந்தது. வேலையோ பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் கோவையிலும் இருந்தது. வரிசையில் இடம் பிடித்து வைத்திருப்பது ஒன்று. முன்பின் அறியாத நகரத்தில் வேலை தேடி அலைவது வேறொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டியிருந்தவர்கள் பட்ட பாடுகளையும், அதற்குப் பின்னால் இருந்த சட்டங்கள், அலுவலகங்கள், தேர்வுகள் ஆகியவற்றின் வளர்ச்சியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வாழப்பாடியும் அதன் தொழில்களும்

வாழப்பாடி, சேலத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் ஆத்தூர் செல்லும் சாலையில் அமைந்த பேரூராட்சி. இன்று ஒரு வட்டத்தின் தலைமையிடமாகவும் விளங்குகிறது. சேலம் – விருத்தாசலம் இருப்புப்பாதையில் ‘வாழப்பாடி கேட்’ என்னும் நிலையம் உள்ளது. சென்னை இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல்.

வட்டாரத்தின் பெயர் பெற்ற தொழில் பாக்கு. தோப்புகளிலிருந்து வரும் காயைத் தோலுரித்து, வேகவைத்து, காயவைத்து மண்டிகளுக்கு அனுப்புகிறார்கள். உரிக்கும் வேலையில் பெண்களே மிகுதி. அடுத்தது மரவள்ளி. உள்ளூர் வழக்கில் ‘குச்சிக்கிழங்கு’ எனப்படும் இதிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் எடுக்கும் ஆலைகள் இரண்டாம் உலகப் போர்க் காலம் முதல் சேலம் மாவட்டத்தில் பெருகின. அவற்றின் உற்பத்தியாளர்களுக்காக 1981-இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாமக்கல் பக்கம் லாரித் தொழிலும் கோழிப்பண்ணையும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் பிழைப்புத் தந்தன.

இத்தொழில்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றில் சேரச் சான்றிதழ் தேவையில்லை. சித்தப்பாவின் நண்பரோ பக்கத்துக் காட்டுக்காரரோ சொன்னால் போதும். மறுநாள் காலையில் வேலைக்குப் போய்விடலாம். ஆனால் பள்ளியும் கல்லூரியும் பெருகிய பின்னர் பட்டம் பெற்றவருக்கு இந்த ஏற்பாடு பயன்படவில்லை. படிப்புக்கேற்ற வேலை ஊரில் இல்லை. அது இருக்கும் ஊரில் அவரைத் தெரிந்தவர் இல்லை. புதிய நகரத்தில் வேலை தேடுவதன் துன்பம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

வேலை ஆள் தேடி வந்த காலம்

சேலம் மாவட்டத்தார் வெளியூர் சென்று உழைப்பது புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை, மலாயாத் தோட்டங்களுக்கு மிகுதியாக ஆள் சென்ற மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலும் அது இடம்பெற்றது. அக்காலத்தில் உழைப்பவர் வேலையைத் தேடிப் போகவில்லை. வேலையே கங்காணியின் உருவில் ஊருக்கு வந்தது. அவர் முன்பணம் கொடுத்தார், வழிச்செலவைப் பார்த்துக்கொண்டார், தோட்டத்தில் கொண்டு சேர்த்தார்.

அந்த வசதிக்கு விலை கடன். இலங்கையில் ஒரு தோட்டத்துத் தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவருடைய கடன் தொகையைக் குறித்த ‘துண்டு’ என்ற சீட்டுக்குரிய பணத்தைப் புதிய தோட்டம் செலுத்த வேண்டும். இம்முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்குச் சென்றவர்களுக்குச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரவில்லை கொடுக்கப்பட்டது. வழி கேட்கத் தெரியாதவரும் அந்த வில்லையைக் காட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் வேறு இடம் போக முடியாது. 1938-இல் இந்திய அரசு உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது.

ஆக, பழைய முறையில் தேடும் துன்பம் இல்லை. தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. தேடுவோருக்குச் சுதந்திரமும் வேண்டும், வேலை எங்கே இருக்கிறது என்ற செய்தியும் வேண்டும். இடைத்தரகர் இல்லாமல் இவ்விரண்டையும் எப்படித் தருவது என்ற கேள்விக்கு விடையாகவே வேலைவாய்ப்பு அலுவலகம் என்னும் அமைப்பு உருவானது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தோற்றம்

பிரிட்டனில் 1909-இல் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 1910 பிப்ரவரியில் தொழிலாளர் பரிமாற்றகங்கள் திறக்கப்பட்டன. அப்போது வணிகத் துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலும், அவருக்குத் துணைநின்ற வில்லியம் பெவரிட்ஜும் இதை முன்னின்று நடத்தினர். வேலை கேட்டு ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவதால் தொழிலாளியின் நாளும் பலமும் வீணாகின்றன. காலியிடங்களின் செய்தியை ஓரிடத்தில் திரட்டினால் அந்த வீண் அலைச்சல் குறையும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1919-இல் நிறைவேற்றிய தன் இரண்டாவது உடன்படிக்கையில் கட்டணமில்லாத பொது வேலைவாய்ப்பு நிலையங்களை வலியுறுத்தியது.

இந்தியாவில் இவ்வமைப்பு போரின் முடிவில் பிறந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர்களை மீண்டும் வேலையில் அமர்த்துவதற்காக 1945 ஜூலையில் மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் அமைக்கப்பட்டது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கும் அதன் உதவி நீட்டிக்கப்பட்டது. 1948-இல் வேலை தேடும் அனைவருக்கும் அலுவலகங்கள் திறந்துவிடப்பட்டன. பி. சிவராவ் தலைமையில் 1952-இல் அமைக்கப்பட்ட குழு, அன்றாட நிர்வாகத்தை மாநிலங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. அதன்படி 1956 நவம்பர் 1 முதல் இவ்வலுவலகங்கள் மாநில அரசுகளின் பொறுப்பில் வந்தன.

அடுத்த முக்கியப் படி 1959-ஆம் ஆண்டின் காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம். இது 1960 மே 1-இல் நடைமுறைக்கு வந்தது. பொதுத்துறை நிறுவனங்களும், 25 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இச்சட்டம் விதித்தது. தவறினால் முதல்முறை 500 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 1,000 ரூபாய் வரையும் அபராதம்.

இச்சட்டத்தின் நான்காம் பிரிவில் ஒரு வரி மாணவர்கள் கவனிக்கத்தக்கது. காலியிடத்தைத் தெரிவிப்பதுதான் கட்டாயம். அலுவலகம் அனுப்பும் ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேளாண்மை வேலை, வீட்டு வேலை, மூன்று மாதத்துக்குக் குறைவான வேலை ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. தேர்வாணையம் வழியாக நிரப்பப்படும் இடங்களுக்கும் பொருந்தாது. இந்த ஓட்டைகளையெல்லாம் கழித்துப் பார்த்தால், பதிவு செய்தவருக்கு உண்மையில் பயன்பட்டவை அரசு, அரசு சார்ந்த நிறுவனங்கள், உள்ளாட்சிகள் ஆகியவற்றின் பணியிடங்களே. தனியார் வேலைக்கு அலுவலகத்தின் வழி அழைப்பு வருவது அரிதாக இருந்தது.

பதிவு அட்டையும் அதன் விதிகளும்

பதிவு செய்தவருக்குப் பதிவு எண்ணும் நாளும் குறித்த அட்டை ஒன்று வழங்கப்பட்டது. அவருடைய தகுதி, தேசியத் தொழில் வகைப்பாட்டின் எண்களில் ஒன்றாகக் குறிக்கப்படும். காலியிட அறிவிப்பு வந்ததும், அந்தத் தகுதியுடையவர்களின் பெயர்கள் பதிவு மூப்பு, இட ஒதுக்கீடு, முன்னுரிமை ஆகியவற்றின்படி தேர்ந்தெடுத்து அனுப்பப்படும். முன்னாள் படைவீரர், ஆதரவற்ற விதவையர், மாற்றுத் திறனாளிகள், கலப்பு மணம் புரிந்தோர், அரசுத் திட்டங்களுக்கு நிலம் கொடுத்த குடும்பத்தார் போன்றோருக்கு முன்னுரிமை உண்டு. சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1981-இல் உற்பத்தி தொடங்கிய காலகட்டத்தில், இம்மாவட்டத்தார் பதிவு அட்டையை எவ்வளவு நம்பிக்கையோடு வைத்திருந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மறந்தால் மூப்பு போய்விடும். பத்தாண்டு காத்திருந்தவரும் புதிதாக வந்தவரோடு கடைசியில் போய் நிற்க நேரிடும். இவ்வாறு தவறவிட்டவர்கள் பெருகியதால், அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்து விடுபட்ட பதிவுகளைப் புதுப்பிக்க வாய்ப்பளித்தது. இத்தகைய அறிவிப்புகள் மீண்டும் மீண்டும் வந்ததே, எத்தனை பேர் தம் இடத்தை இழந்திருந்தனர் என்பதைக் காட்டும்.

பள்ளிக் கல்வியும் இளநிலைப் பட்டமும் பெற்றவர்கள் தம் மாவட்ட அலுவலகத்தில் பதிந்தனர். முதுநிலைப் பட்டம், பொறியியல், மருத்துவம் போன்ற தகுதிகளைச் சென்னை, மதுரை ஆகிய இடங்களில் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பதிய வேண்டும். மாவட்டப் பதிவுக்கு இருப்பிடச் சான்றாகக் குடும்ப அட்டை கேட்கப்பட்டது. வெளியூர் சென்றவர் பதிவை அங்கே மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அங்கே குடியிருப்பதற்கான சான்றைக் காட்ட வேண்டும். வேலை கிடைத்து, வீடு எடுத்து, குடும்ப அட்டை வாங்கிய பிறகுதான் அந்தச் சான்று கையில் வரும். வேலை தேடும் நிலையில் இருப்பவரிடம் அது எப்படி இருக்கும்? எனவே அவர் உடலால் சென்னையிலும் பதிவால் சேலத்திலும் இருந்தார். நேர்காணல் கடிதம் வாழப்பாடி முகவரிக்குப் போகும். அதை வீட்டார் பிரித்துப் படித்து அவருக்குத் தெரிவித்து, அவர் சான்றிதழ்களுடன் பேருந்து ஏறி வருவதற்குள் நேர்காணல் நாள் கடந்துவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது.

புதிய நகரத்தின் செலவுக் கணக்கு

சென்னையில் வேலை தேடி வந்த ஆண்களின் முதல் முகவரி திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களிலும் சேப்பாக்கத்தை ஒட்டியும் இவை நெருக்கமாக அமைந்தன. இரண்டு மூன்று கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை, மாடிக்குப் பொதுவான குளியலறை, மாத வாடகை என்பது இவற்றின் அமைப்பு. சமையல் கிடையாது; சாப்பாட்டுக்கு மெஸ்கள் இருந்தன. தனி வீடு எடுக்கப் பல மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், திருமணமாகாத ஆண்களுக்கு வீடு தரவும் பலர் தயங்கினர். ஆகவே மேன்ஷன்கள் இல்லாவிட்டால் சிற்றூர் இளைஞர்கள் சென்னையில் வேலை தேடியிருக்கவே முடியாது எனலாம். அதே ஊர்க்காரர் ஒருவர் முன்னரே தங்கியிருக்கும் அறையில் போய்ச் சேர்வது வழக்கம். கங்காணி இருந்த இடத்தில் இப்போது அறைத்தோழர் இருந்தார். அவர் முன்பணம் தரவில்லை, பிடித்து வைக்கவும் இல்லை; வழி மட்டும் சொன்னார்.

பெண்களுக்கு இந்த வசதியும் இல்லை. மேன்ஷன்கள் ஆண்களுக்கு மட்டுமே உரியவை. பணிபுரியும் மகளிர் விடுதிகள் எண்ணிக்கையில் குறைவு. பெயருக்கேற்பப் பணியில் இருப்பவருக்கே அவை உரியன. வேலை தேடும் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. எனவே ஒரு பட்டதாரிப் பெண் எந்த நகரத்தில் வேலை தேடலாம் என்பதை, அவருடைய அத்தையோ அக்காவோ எந்த நகரத்தில் குடியிருக்கிறார் என்பதே தீர்மானித்தது. மாநில அரசு ‘தோழி’ என்ற பெயரில் மகளிர் விடுதிகளைத் திறந்தது 2023-இல்தான்.

தங்கும் இடத்துக்கு அடுத்த செலவு விண்ணப்பம். தேர்வாணையத்தின் படிவங்களைக் குறிப்பிட்ட அஞ்சலகங்களில் வாங்க வேண்டியிருந்தது. அத்துடன் அஞ்சல் தலை, கேட்புக் காசோலை, புகைப்படம், நகல் எடுக்கும் செலவு என ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு தொகை கரையும். 1976-இல் தொடங்கிய ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வார இதழும் ஆங்கில நாளிதழ்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களும் தேடுவோரின் முதன்மைத் துணை. ஒருவர் வாங்குவார், அறையில் உள்ள எல்லாரும் படிப்பார்கள். தட்டச்சு, சுருக்கெழுத்து ஆகியவற்றில் இளநிலையும் முதுநிலையும் தேறியவருக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், ஊர்தோறும் தட்டச்சுப் பயிலகங்கள் பெருகின.

பணத்தால் தீராத தொல்லை ஒன்றும் இருந்தது. சான்றிதழ் நகல்களில் அரசிதழில் பதிவு பெற்ற அலுவலர் ஒருவர் சான்றொப்பம் இட வேண்டும். சொந்த ஊரில் என்றால் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரோ அரசு மருத்துவரோ பச்சை மையில் கையெழுத்திட்டு முத்திரை பதித்துத் தருவார். பையன் யார் மகன் என்பது அவருக்குத் தெரியும். சென்னையில் அவரை யாருக்குத் தெரியும்? முன்பின் அறியாதவருக்கு எந்த அலுவலரும் எளிதில் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே ஊருக்குப் போகும்போதே ஒரு கட்டு நகல்களில் சான்றொப்பம் வாங்கிவந்து, தீரத் தீரப் பயன்படுத்துவது வழக்கமாயிற்று. நன்னடத்தைச் சான்றிதழும் இவ்வாறே. 2010-களில் சுயச் சான்றொப்பம் ஏற்கப்பட்ட பிறகே இத்தொல்லை நீங்கியது. அரசுக்கு ஒரு பைசாச் செலவும் வைக்காத இந்தச் சீர்திருத்தம் எத்தனையோ ஆண்டுகள் முன்பே வந்திருக்கலாம்.

தனியார் நிறுவனங்களில் வேறு வகைத் தடை. ‘முன் அனுபவம் உண்டா?’ என்பது முதல் கேள்வி. ‘ஆங்கிலத்தில் பேச வருமா?’ என்பது இரண்டாவது. ‘சென்னையில் யாரைத் தெரியும்?’ என்பது மூன்றாவது. தமிழ்வழியில் படித்த வாழப்பாடி இளைஞருக்கு மூன்றுக்கும் விடை இல்லை. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் தரகர்களும் இந்த இடத்தில்தான் புகுந்தனர்.

இந்த வாழ்க்கை தமிழ்த் திரைப்படத்திலும் பதிவாகியுள்ளது. 1980-ஆம் ஆண்டு ஒரே தீபாவளியை ஒட்டி இரண்டு படங்கள் வந்தன. கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ தில்லியில் வேலை தேடும் தமிழ் இளைஞர்களைப் பற்றியது. பாரதிராஜாவின் ‘நிழல்கள்’ சென்னையில் வேலையின்றி வாடும் பட்டதாரிகளைப் பற்றியது. வேலையில்லாப் பட்டதாரி என்பவர் அக்காலத்துக்கு எவ்வளவு அறிமுகமான மனிதராக இருந்தார் என்பதற்கு இது சான்று.

நீதிமன்றத் தீர்ப்புகள்

அரசு வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களை மட்டும் கருதினால் போதுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு இருமுறை சென்றது. 1987-இல் என். ஹர்கோபால் வழக்கில், 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலகத்தின் வழியாகவே ஆள் எடுக்கக் கட்டாயப்படுத்தவில்லை என்று நீதிமன்றம் கூறியது. எனினும் அரசு தன் துறைகளுக்கு அப்படி ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொள்வது தவறன்று என்றும் ஏற்றது.

1996-இல் கே.பி.என். விசுவேசுவர ராவ் வழக்கில் நிலை மாறியது. அலுவலகத்திலிருந்து பெயர் கேட்பதோடு நாளிதழ், வானொலி, தொலைக்காட்சி போன்றவற்றிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் அனைவரையும் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பதிவு செய்யாதவருக்கும், அழைப்புக் கடிதம் எட்டாத தொலைவில் இருந்தவருக்கும் இத்தீர்ப்பு கதவைத் திறந்தது. ஆனால் பல்லாண்டு காத்திருந்தவர் கையிலிருந்த பதிவு மூப்பின் மதிப்பு அன்றிலிருந்து குறையத் தொடங்கியது. ஒருவருக்கு நீதியாக அமைந்தது இன்னொருவருக்கு இழப்பாகவும் அமைந்தது.

ஆசிரியர்களின் காத்திருப்பு

பதிவு மூப்பின் ஏற்ற இறக்கத்தை மிகக் கூர்மையாக உணர்ந்தவர்கள் பி.எட். முடித்தவர்கள். ஆசிரியர் தேர்வு வாரியம் 1987-இல் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் பட்டதாரி ஆசிரியர் நியமனம் சில காலம் போட்டித் தேர்வாலும், சில காலம் பதிவு மூப்பாலும் மாறி மாறி நடந்தது. தேர்வுக்குப் படித்தவர் மூப்பு கேட்கப்பட்ட போதும், மூப்பை நம்பியிருந்தவர் தேர்வு வைக்கப்பட்ட போதும் ஏமாந்தனர்.

2001 நவம்பரில் தமிழ்நாடு அரசு புதிய நியமனங்களுக்குப் பொதுவான தடை விதித்தது. 2006 பிப்ரவரியில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வயது வரம்பைக் கடந்தவர்களுக்காக ஐந்தாண்டு வயதுத் தளர்வு அளிக்கப்பட்டது. 2006-க்குப் பின் ஆசிரியர் நியமனம் மீண்டும் பதிவு மூப்பு அடிப்படையில் நடைபெற்றது. நீண்ட நாள் காத்திருந்தோர் பலர் நடு வயதில் முதல்முறையாக அரசுப் பள்ளியில் பணியேற்றனர்.

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்டில் தகுதித் தேர்வைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டின் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12-இல் நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். ஒரு விழுக்காட்டினர் கூடத் தேறவில்லை. ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற குறைபாட்டை ஏற்று, அதே ஆண்டு அக்டோபரில் மூன்று மணி நேரத் துணைத் தேர்வு நடத்தப்பட்டது.

தேறியவர்களுக்கும் வேலை உறுதியாகவில்லை. தகுதித் தேர்வு மதிப்பெண்ணோடு மேல்நிலை, பட்டம், பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் ‘வெயிட்டேஜ்’ முறை வந்தது. மதிப்பெண்ணைக் கஞ்சத்தனமாகப் போட்ட காலத்தில் படித்த மூத்தவர்கள் இதனால் இளையவர்களிடம் பின்தங்கினர். 2014-இல் சென்னையில் போராட்டங்கள் நடந்தன. 2018-இல் அரசு வேறொரு முடிவெடுத்தது: தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கென மற்றொரு போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அவ்வகையில் பட்டதாரி ஆசிரியர்களுக்கான தேர்வு 2024 பிப்ரவரியில் நடந்தது. முன்பு 57 வயது வரை சேரலாம் என்றிருந்த வரம்பு 2020-இல் 40 ஆகக் குறைக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் உயர்த்தப்பட்டது.

இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நியாயம் உண்டு. தகுதி பார்க்காமல் மூப்பை மட்டும் கொண்டு ஆசிரியரை நியமிப்பது மாணவருக்கு நல்லதன்று என்ற வாதம் வலுவானது. ஆயினும் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எல்லைக்கோட்டை இடம் மாற்றினால், மெதுவாக ஓடியவர் மட்டுமல்லாமல் விதியை நம்பி ஓடியவரும் தோற்கிறார்.

வேலை இடம் மாறியது

அரசு வேலைக்கான வரிசை நீண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் தனியார் வேலை வேறு ஊர்களில் வளர்ந்தது. 1970-களிலிருந்து ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை, அடுத்துத் திருப்பூரில் பின்னலாடை, 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா, பெங்களூரில் கணினி நிறுவனங்கள் எனப் பட்டியல் நீளும். சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரு பலருக்குச் சென்னையைவிட அருகில் அமைந்தது. 1984-க்குப் பின் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும், 1997-இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் வந்ததால் பட்டதாரிகளின் எண்ணிக்கையும் பெருகியது. இப்புதிய வேலைகளுக்குப் பதிவு மூப்பு தேவைப்படவில்லை. ஆங்கிலப் பேச்சும் நேர்முகத் தேர்வுப் பயிற்சியும் தேவைப்பட்டன.

ஆனாலும் பதிவேடு சுருங்கவில்லை. 2010-களின் இடையில் தமிழ்நாட்டில் பதிவு செய்து காத்திருந்தோர் 80 லட்சத்தைத் தாண்டினர். இவர்களுள் படித்துக்கொண்டிருந்தவர்களும் தனியாரிடம் வேலை பார்த்தவர்களும் அடங்குவர் என்பதால், எல்லாரும் வேலையற்றவர் என்று கொள்ளக் கூடாது. எனினும் எதற்கும் இருக்கட்டும் என்று இத்தனை பேர் பதிவை விடாமல் வைத்திருந்தனர் என்பதே, கையில் இருந்த வேலையின் மீது அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதைச் சொல்லும். 2018 பிப்ரவரியில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 9,351 இடங்களுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததும் இதையே காட்டுகிறது.

காத்திருப்போருக்கு அரசு வழங்கிய உதவிகளுள் ஒன்று வேலையில்லா இளைஞர் உதவித்தொகை. பதிவு செய்து ஐந்தாண்டு ஆன, குறைந்த வருமானமுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு மூன்றாண்டுகள் இது கிடைக்கும். அவ்வப்போது உயர்த்தப்பட்டு, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் என்ற அளவை எட்டியது. தொகை சிறிதுதான், விண்ணப்பச் செலவுக்கு ஓரளவு உதவும்.

அலுவலகமும் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. பதிவும் புதுப்பித்தலும் 2010-களில் இணையவழிக்கு வந்தன. மாவட்ட அலுவலகங்கள் ‘வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்’ என்ற பெயர் பெற்றன. அங்கே இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் போட்டித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தனியார் நிறுவனங்களை அழைத்து வேலைவாய்ப்பு முகாம்களும் நடத்தப்படுகின்றன. 2015-இல் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளமும், 2020-இல் மாநில அரசின் தனியார் துறை வேலை இணையமும் தொடங்கப்பட்டன. அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் சிற்றூர் மாணவர்களுக்குப் பயன் தருவது.

முடிவுரை

வேலைவாய்ப்பு அலுவலகம் உருவான நோக்கம், வேலை இருக்கும் இடத்தின் செய்தியைத் தேடுபவரிடம் கொண்டு சேர்ப்பது. நடைமுறையில் அது தேடுபவரின் பெயரைக் குறித்து வைக்கும் இடமாக நெடுங்காலம் இருந்தது. வரிசை நேர்மையாக நடந்தது. பரிந்துரையும் பணமும் இல்லாத ஏழைக்கும் அதில் ஓரிடம் கிடைத்தது. அந்த நேர்மையால்தான் மக்கள் அதை நம்பினர். ஆனால் வரிசை எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், முன்னால் இருக்கும் கதவு எப்போது திறக்கும், திறக்குமா என்பதை நிற்பவருக்குச் சொல்லவேண்டிய கடமை ஒன்று உண்டு. அது சொல்லப்படவில்லை. சொல்லியிருந்தால் பலர் முப்பது வயதுக்கு முன்பே வேறு வழி பார்த்திருப்பார்கள்.

தேடும் செலவைத் தேடுபவரே சுமக்க வேண்டியிருந்ததும் இவ்வரலாற்றின் மற்றொரு பாடம். சென்னையில் வீடு உள்ளவர் வீட்டுச் சோற்றை உண்டு ஓராண்டு வேலை தேடலாம். வாழப்பாடியிலிருந்து போனவர் மேன்ஷன் வாடகைக்குப் பணம் உள்ள வரைதான் தேட முடியும். அது தீர்ந்ததும் கிடைத்த வேலையை ஏற்கவோ ஊர் திரும்பவோ வேண்டும். தகுதி சமமாக இருந்தும் முடிவு வேறுபட்டதற்கு இதுவே காரணம். எனவே மகளிர் விடுதி, சுயச் சான்றொப்பம், கட்டணமில்லாப் பயிற்சி, மாவட்டத்திலேயே நடக்கும் தேர்வு மையம் போன்ற சிறிய ஏற்பாடுகளைச் சிறியனவாகக் கருதக் கூடாது. ஒருவர் இன்னும் எத்தனை மாதம் தேட முடியும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன.

இன்று வேலை தேடும் மாணவர் பதிவைத் தவறாமல் புதுப்பிப்பது நல்லது. முன்னுரிமையும் உதவித்தொகையும் அதைச் சார்ந்தே உள்ளன. ஆனால் பதிவு அட்டை வழிகாட்டி அன்று. அது வரிசையில் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணை நம்பி இருபது வயதிலிருந்து நாற்பது வயது வரை காத்திருந்த தலைமுறை, அடுத்து வருவோருக்கு விட்டுச்சென்ற செய்தி இதுதான்.